புலனாய்வு அதிகாரிக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் சட்டம் ஒழுங்கு எஸ்.ஐ.யாக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அகாடமியில் படித்தது பெரும்பாலும் பழைய சட்டம். புதிய சட்டங்களுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். அதிலும் ஒரு நாள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டேன். சமீபத்தில் நான் விசாரித்த வீடு புகுந்து திருட்டு வழக்கு விடுதலையில் முடிந்தது. நகையைக் கைப்பற்றும்போது எடுத்த வீடியோவை நீதிமன்றம் ஏற்கவில்லை. மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதிய ஆவணத்தில், கையெழுத்துப் போட்ட சாட்சிகள் இரண்டு பேரும் பிறழ்ந்துவிட்டார்கள். குறுக்கு விசாரணையில் எனக்குப் பதிலே வரவில்லை. இனியாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நினைக்கிறேன். ‘தடயவியல் சான்றிதழ்’, ‘சைபர் சான்றிதழ்’ என்று பத்தாயிரம், இருபதாயிரம் கட்டணத்தில் விளம்பரங்கள் வருகின்றன. சேரலாமா? குழந்தைகளிடம் வாக்குமூலம் வாங்குவதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. நான் ஒருத்திதான்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற அரசுக் குற்ற வழக்கறிஞர்

அம்மா, அந்த விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் வேலைக்குத் தேவையான பாடங்களில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

விடுதலையான அந்த வழக்கின் தீர்ப்பு நகலை எடுங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஏ.பி.பி.யிடம் (உதவி அரசு வழக்கறிஞரிடம்) கேளுங்கள். கேஸ் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள். ‘சந்தேகம் எழுகிறது’ என்று நீதிபதி எழுதியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அந்தச் சந்தேகத்துக்குக் காரணமான காகிதத்தைக் கட்டில் தேடி எடுங்கள். அதை யார் எழுதினார், எங்கே வைத்து எழுதினார், அப்போது மணி என்ன, எழுதியவர் சம்பவ இடத்தில் இருந்தாரா, ஸ்டேஷனில் இருந்தாரா என்று உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள். மூன்று நாள் வகுப்பில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

இது என் சொந்த யோசனை இல்லை. 2014 ஜனவரியில், குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு அது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. புலனாய்விலும் வழக்கை நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளைத் தீர்ப்பிலேயே ஒன்றொன்றாகச் சொல்லிவிட்டு, எல்லா மாநில உள்துறைகளுக்கும் ஓர் உத்தரவு போட்டார்கள். காவல்துறை, அரசு வழக்கு நடத்தும் துறை இரண்டின் மூத்த அதிகாரிகளும் சேர்ந்த நிலைக்குழு ஒன்று ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய வேண்டும். அதில் தெரியும் தவறுகளைத் தொகுத்து இளநிலை அதிகாரிகளின் பயிற்சிப் பாடத்தில் சேர்க்க வேண்டும். அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று. ஒரு குழந்தையின் சாவிலிருந்து கிடைத்த பாடம் இது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு எஸ்.ஐ. கையிலும் இந்தத் தீர்ப்பு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம்.

வீடியோ எதனால் தோற்றது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த வழக்குகளை வைத்து ஊகிக்கிறேன். ஏட்டையா தன் போனில் எடுத்திருப்பார். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். நீங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பென் டிரைவில் ஏற்றி, குற்றப்பத்திரிகையோடு கொடுத்திருப்பீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இருந்திருக்காது, அல்லது பாதி நிரப்பியதாக இருந்திருக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. செல்போனில் எடுத்தால் போதும் என்று சட்டமே அனுமதிக்கிறது. பொருளை எடுக்கும் காட்சி மட்டும் போதாது. பொருள்களின் பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் அதில் கையெழுத்துப் போடுவதும் பதிவில் வர வேண்டும். அந்தப் பதிவைத் தாமதமில்லாமல் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்ப வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். குற்றப்பத்திரிகையோடு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் சான்றிதழ். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவுக்கான சான்றிதழ் படிவம் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டு பகுதி. முதல் பகுதியைக் கருவியைக் கையாண்டவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு கேட்டிருக்கும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது அது கோப்பைச் சுருக்கிவிடுகிறது. போனில் இருக்கும் மூலமும் பென் டிரைவில் இருக்கும் நகலும் அந்த நிமிடத்திலிருந்து வேறு வேறு கோப்புகள். விவரமான எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் தேசிய தகவலியல் மையம் இ-சாக்ஷ்யா செயலியை உருவாக்கியது. எடுத்த இடமும் நேரமும் பதிவோடு சேர்ந்தே பதியும். அதில் கை பழகும்வரை சும்மா எடுத்துப் பழகுங்கள். ஸ்டேஷனில் இருக்கும் ஒரு பழைய சைக்கிளைக் கைப்பற்றுவதாக வைத்துக்கொண்டு, சாட்சிகளாக இரண்டு காவலர்களை நிறுத்தி, பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி, ஹாஷ் எடுத்து, படிவத்தின் முதல் பகுதியை நிரப்பிப் பாருங்கள். இதை ஒழுங்குப் பயிற்சி மாதிரி இரண்டு மூன்று தடவை செய்தவர்கள் சம்பவ இடத்தில் தடுமாறுவதில்லை. பயிற்சிப் பதிவு உண்மையான வழக்கு எதிலும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்தில் இரண்டாம் பகுதியை நிரப்பித் தரும் நிபுணர் யார் என்பதையும் வழக்கு வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றிய அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பில் (2020) உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை. நகல் என்றால் கட்டாயம் வேண்டும். சான்றிதழ் விடுபட்டிருந்தால் விசாரணை முடிவதற்குள் அதைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம். வழக்கு நடக்கும்போதே நீங்களும் ஏ.பி.பி.யும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த வழி தெரிந்திருக்கும். குற்றப்பத்திரிகை போட்டதும் கட்டை மறந்துவிடும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. அதை நீங்களாவது விடுங்கள். மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே அவரிடம் கேளுங்கள், காலக்கெடு போய்க்கொண்டிருக்கிறது.

மகஜர் சாட்சிகள் பிறழ்ந்ததற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட்டேன்’ என்று கூண்டில் சொல்பவர்களில் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு, அந்தப் பகுதியில் வசிக்கும் சார்பற்ற, மதிப்புள்ள இரண்டு பேரையாவது அழைக்கச் சொல்கிறது. நாமோ எல்லா வழக்குக்கும் அதே வி.ஏ.ஓ.வையும் அவருடைய உதவியாளரையும் கூப்பிடுகிறோம். அவர் வேறெந்த வழக்குகளில் சாட்சி என்று ஒரு கேள்வி வந்தாலே நம்பகத்தன்மை ஆட்டம் காண்கிறது. உண்மையான அண்டை வீட்டுக்காரரை உண்மையான இடத்தில் நிற்க வைத்து, அவர் முகமும் குரலும் பதிவில் வரும்படி எடுத்திருந்தால், பிறகு அவர் மாற்றிச் சொன்னாலும் அந்தப் பதிவு பேசும்.

ஒப்புதல் வாக்குமூலத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியம் ஆகாது. அந்தத் தகவலால் கண்டெடுத்த பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும்தான் ஏற்கப்படும். பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் இப்போது புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்குள் இருக்கின்றன. இதில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு புலுக்குரி கோட்டையா, 1947. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு. சின்னத் தீர்ப்புதான், ஒரே இரவில் படித்துவிடலாம். படித்தபின் நான்கு பக்கத்துக்கு ஒப்புதல் எழுத உங்களுக்குத் தோன்றாது.

ஒப்புதலை நம்பிப் புலனாய்வு செய்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து கசப்பாகக் கற்றது. கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்கில் நான்கு பேர் 1989-இலும், பர்மிங்ஹாம் வழக்கில் ஆறு பேர் 1991-இலும், பல வருடம் சிறையில் இருந்த பிறகு நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். பீஸ் (PEACE) என்று அதற்குப் பெயர். முதலில் திட்டமிடு, எதிரில் இருப்பவருக்கு விவரம் சொல், அவரைத் தடையில்லாமல் பேசவிடு, முடித்துவை, பிறகு கிடைத்ததை மதிப்பிடு. அடியும் மிரட்டலும் உண்மையைக் கொண்டுவராது என்பதை ஏற்றுக்கொண்டு உருவான முறை அது. 2020-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் என்ன ஆனார்கள் என்று தமிழ்நாட்டுக் காவல்துறையில் இருக்கும் யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிவது ஒரு தொழில்நுட்பம். அதைக் கற்றவர்களுக்குக் கை ஓங்கத் தேவை வராது. பீஸ் முறை பற்றிய விளக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கூண்டில் பதில் வராததற்கு மருந்து எளிது, ஆனால் நேரம் எடுக்கும். மாதம் ஒரு முறை, உங்களுக்குச் சாட்சி இல்லாத நாளிலும் கோர்ட்டுக்குப் போய் வேறோர் அதிகாரியின் குறுக்கு விசாரணையைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களைத்தான் சுற்றுகின்றன என்று சீக்கிரம் புரியும். எஃப்.ஐ.ஆர். நடுவர் கைக்கு எத்தனை மணிக்குப் போனது? தாமதம் என்றால் இடையில் என்ன நடந்தது? சம்பவ இடத்தை விவரிக்கும் பார்வை மகஜரில் தெருவிளக்கு இருக்கிறதா? எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலமும் ஏன் ஒரே வாசகத்தில் இருக்கிறது? பொருளைக் கைப்பற்றியதற்கும் நீதிமன்றத்தில் ஒப்படைத்ததற்கும் இடையில் அது யார் வசம் இருந்தது? இவற்றுக்குக் கட்டிலேயே பதில் இருந்தால் கூண்டில் பயமில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவும் வேண்டாம். நினைவில்லாததை நீதிமன்ற அனுமதியோடு குறிப்பைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் வழக்கு நாட்குறிப்பை (சி.டி.யை) பார்த்து நினைவைப் புதுப்பித்தால் அந்தப் பகுதியை எதிர்த்தரப்பும் பார்க்கக் கேட்கலாம். அதனால் சி.டி. எழுதும்போதே அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள்.

இனி எங்கே படிப்பது என்று பார்ப்போம். சட்டத்தின் மூல வாசகத்துக்கு இந்தியா கோட் என்ற அரசு இணையதளம். பழைய பிரிவு புதிதில் எது என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சங்கலன் செயலி. அதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, 420 இப்போது 318 என்று ஒப்பிப்பதைத்தான் பல வகுப்புகளில் பயிற்சி என்கிறார்கள். எண் தெரியாததால் எந்த வழக்கும் தோற்பதில்லை, நடைமுறை தெரியாததால்தான் தோற்கிறது. 90 நாளுக்குள் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற மாதிரி விஷயங்களைத்தான் நேரம் செலவழித்துப் படிக்க வேண்டும்.

சைபர் வழக்குகளுக்கு சைட்ரெய்ன் என்ற இணையவழிப் பயிற்சித் தளம் இருக்கிறது. மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நடத்துவது. போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதித்துறை அதிகாரிகளுக்கான பாடங்கள், தேர்வு, சான்றிதழ் எல்லாம் இலவசம். விளம்பரக்காரர்களின் பத்தாயிரம் ரூபாய் காகிதத்தைவிட இந்தச் சான்றிதழுக்குத் துறைக்குள் மதிப்பு அதிகம். அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி தளத்திலும் புதிய சட்டங்கள் பற்றிய பாடங்கள் உண்டு. 1970 முதல் இயங்கும் காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகம் நிலையான செயல்முறைக் கையேடுகளை வெளியிட்டு வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய துப்பறியும் பயிற்சி நிறுவனத்துக்கு மாநிலங்களிலிருந்து அதிகாரிகளை அனுப்புவார்கள். அடுத்த சுற்றறிக்கை வரும்போது பெயர் கொடுங்கள். யாரும் பெயர் கொடுக்காமல் இடம் காலியாகப் போவது வருத்தமான விஷயம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேட இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தளம் இலவசம். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறது.

முறையாகப் பட்டம் படிக்க ஆசை இருந்தால் அது வேறு விஷயம். தென்மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை பக்கம்தான். தடயவியலில் ஆர்வம் என்றால் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது.

நேரம் இல்லை என்பீர்கள். நம்புகிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிறேன். ரைட்டரையும் இரண்டு ஏட்டுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதலைத் தீர்ப்பைச் சத்தமாகப் படியுங்கள். ரைட்டர் அவசியம் இருக்க வேண்டும். காகிதத்தில் பாதி அவர் கையில்தான் உருவாகிறது. நடமாடும் தடயவியல் பிரிவின் அறிவியல் அலுவலரை ஒருநாள் வரச் சொல்லுங்கள். ரத்தக்கறை படிந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் என்ன ஆகும் என்று அவர் கண் முன்னால் காட்டிவிட்டால், பிறகு உங்கள் ஆட்கள் நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் போடுவார்கள்.

கடைசியாகக் குழந்தைகள். இதில் நீங்கள் பயப்படுவது நல்லதுதான், பயமில்லாமல் செய்பவர்கள்தான் குழந்தைகளைக் காயப்படுத்துகிறார்கள். போக்சோ சட்டத்தின் 24, 26 ஆகிய பிரிவுகள் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள். குழந்தையின் வீட்டில், அல்லது அது விரும்பும் இடத்தில். சீருடையில்லாமல். எந்த நேரத்திலும் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும், முடிந்தவரை ஒலி-ஒளிப் பதிவு வேண்டும், குழந்தை சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். ‘அந்தரங்க உறுப்பு’ என்று எந்த ஏழு வயதுக் குழந்தையும் சொல்லாது. அது என்ன சொல்லைச் சொன்னதோ அதுதான் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். நாகரிகம் கருதி நாம் மாற்றி எழுதினால், ‘இது குழந்தையின் பேச்சே இல்லை, போலீஸ் சொல்லிக்கொடுத்தது’ என்று எதிர்த்தரப்பு சொல்ல நாமே இடம் கொடுக்கிறோம்.

கேள்வி கேட்பதற்கு அமெரிக்காவில் உருவான என்.ஐ.சி.ஹெச்.டி. நெறிமுறையைத் தேடிப் படியுங்கள். முதலில் குழந்தையோடு அதன் பள்ளிக்கூடம், விளையாட்டு என்று பேசிப் பழகுவது, ‘தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது, பிறகு ‘என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு’ என்று திறந்த கேள்வியாகக் கேட்பது. ‘அந்த மாமா உன்னைத் தொட்டாரா?’ என்று நீங்கள் தொடங்கினால் பதிலை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். நடுவே குழந்தை அமைதியாகிவிட்டால் காத்திருங்கள். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தைக்கு உதவியாக ஒரு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். அவர் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் பெரிய ஆறுதல். இந்த வழக்குகள் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. நீங்கள் ஒருவர்தான் என்பதால் விடுப்பிலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. பக்கத்து ஸ்டேஷன்களின் பெண் எஸ்.ஐ.களோடு பேசி, முறை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எஸ்.பி.க்கு எழுத்தில் கொடுங்கள். அதே மனுவில், குழந்தை வாக்குமூலம் பற்றி உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சியும் கேளுங்கள். குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் ஒருவரும் போக்சோ நீதிமன்ற அரசு வழக்கறிஞரும் வந்து நடத்த வேண்டும் என்று குறிப்பிட்டே கேளுங்கள். வெறுமனே ‘பயிற்சி வேண்டும்’ என்று எழுதினால் மறுபடியும் பிரிவு எண் வகுப்புதான் வரும். அந்த நாளில் யாருக்கும் பந்தோபஸ்து போடக் கூடாது என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.